மாடிக்கு லேன் கேபிள்: கரன்ட் பைப்பில் இழுக்கலாமா?

கேள்வி: ஃபைபர் ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. நானே லேன் கேபிள் போட நினைக்கிறேன். சுவருக்குள் ஓடும் கரன்ட் பைப்பிலேயே இழுத்துவிடலாம், 305 மீட்டர் பாக்ஸ் மலிவாக வாங்கித் தருகிறேன் என்கிறார் எலக்ட்ரிஷியன். செய்யலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தாராளமாக நீங்களே போடலாம். கரன்ட் பைப் மட்டும் கூடாது. லேன் கேபிளின் உறை 230 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே பழைய வயர் எங்காவது உரிந்து அதில் பட்டால், ரவுட்டர் போவதோடு நிற்காது. அதைத் தொடுகிறவருக்கும் ஷாக்தான்.

கரன்ட் வயரே இல்லாத பைப் என்றால் சரி. பழைய டெலிபோன் பைப், டிஷ் பைப் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் வயர்தானே, சுவிட்சை அணைத்துவிட்டு இழுக்கலாமே என்பார்கள், ஆகாது. இன்வெர்ட்டர் வயர், காலிங் பெல் வயர், எர்த் மட்டும் போகும் பைப், எதுவும் ஆகாது. டெலிபோன் பைப்பே ஆனாலும் நடுவில் கரன்ட் ஜங்ஷன் பாக்ஸுக்குள் புகுந்து வெளியே வருகிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு டெலிபோன் பாயின்ட் வைத்த பில்டர்கள், நெட்டுக்கென்று ஒரு முக்கால் இஞ்ச் பைப் புதைக்க இன்னும் பழகவில்லை! பைப் கிடைக்காவிட்டால் சுவர்மேல் பிவிசி கேசிங் அடியுங்கள். கரன்ட் லைனிலிருந்து ஓரடி தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அடுத்து அந்த 305 மீட்டர் பாக்ஸ். மாடிக்கு ஒரு லைன் 20, 25 மீட்டர்; உபரியாக இன்னொன்றும் சேர்த்து இழுத்தாலும் 50 மீட்டர் போதும். மிச்சம் யாருக்கு? மலிவு பாக்ஸ் பெரும்பாலும் சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியம். உறைமேல் கேட் 6 (லேன் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சடிக்க யாரும் தடுப்பதில்லை. கம்பி நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயம்: கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக, நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 50 மீட்டர் சுருளில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளை ஒரு முனையில் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் ஓம் அளந்து பாருங்கள். 23 கேஜ் (கம்பியின் கனம்) செம்பு ஏழு ஓம் அளவில் காட்டும். பத்தைத் தாண்டினால் அலுமினியம், இல்லையேல் மெல்லிய கம்பி. அலுமினியக் கம்பி, சுவரில் வைக்கும் ஜாக்கின் பிளவுக்குள் அழுத்திக் குத்தும்போதே ஒடியும்; ஒடியாவிட்டாலும் நாளடைவில் பிடி தளரும்.

இரண்டு முனையிலும் சுவர் ஜாக் வைத்து, அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டை கேபிள்) போடுங்கள். இரு பக்கமும் ஜாக்கில் ‘பி’ என்று குறித்த நிற வரிசையையே பின்பற்றுங்கள். ஜோடியின் முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்காதீர்கள். பிளக் அடிப்பதானால் வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பலர் ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறார்கள். அப்படி அடுக்கினாலும் மலிவு கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், நெட் மட்டும் தடுமாறும்.

கடைசியாக லேப்டாப்பைச் செருகி லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000 எம்பிபிஎஸ், அதாவது ஒரு ஜிகாபிட் வர வேண்டும். 100 என்றால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ பிடிக்கவில்லை, அந்த ஜாக்கை மறுபடி குத்துங்கள். அதற்கு முன் ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: நெட் கம்பெனிகள் தரும் சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100 தான். இதை எந்த டெக்னீஷியனும் வாய்திறந்து சொல்வதில்லை.