பக்கத்து வீட்டில் பெண்ணை அடிக்கும் சத்தம் கேட்டால், அயலார் தலையிடச் சட்டம் இடம் தருகிறதா?

மும்பை தாராவியில் குடியிருக்கும் நீங்கள், சுவருக்கு அப்பால் இரவுதோறும் கேட்கும் அலறலைப் பற்றித் தகவல் சொன்னால் நம்மீது வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி அஞ்சத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வன்முறை நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ நம்பக் காரணமுள்ள எவரும், இச்சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

நெருக்கமான சந்தில் எல்லா வீடுகளுக்கும் கேட்கும் சத்தத்துக்கு ஒருவரும் கதவைத் திறக்காததற்கு, ‘புருஷன் பெண்சாதி சண்டை, நமக்கெதற்கு’ என்ற பழக்கமும், வேறு யாராவது போவார்கள் என்ற எண்ணமுமே காரணம் என்று கருதுகிறேன். 1968இல் லத்தானே, டார்லி என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்விலும், தம்முடன் கேட்பவர்கள் பலர் என்று நினைத்தவர்களே உதவிக்கு எழத் தயங்கினார்கள்.

2008இல் தொடங்கிய ‘பெல் பஜாவ்’ இயக்கம், அழைப்பு மணியை அடியுங்கள் என்றுதான் வேண்டியது. சர்க்கரை கேட்டுப் போனாலும்கூட ஓங்கிய கை அந்த நொடியில் நின்றுவிடக்கூடும். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் உடனே 112ஐ அழையுங்கள். பிறகு, அந்தப் பெண் தனியாக இருக்கும்போது 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள். கணவர் எதிரில் சொல்லிவிடாதீர்கள், அந்தக் கோபமும் அந்தப் பெண்மீதே இறங்கும்.