மனநலத் தாதிமை: நோயாளியிடம் பேசுவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பாலிடெக்னிக் தாதிமை மாணவி): அடுத்த வாரம் மனநல வார்டில் எனக்கு முதல் பயிற்சி. நோயாளி வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது? சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களோ?

பதில்: மனநல வார்டில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். ஆனால் நேரம் சொல்லி உட்கார வேண்டும். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை 1952இல் அமெரிக்கத் தாதிமை அறிஞர் ஹில்டகார்ட் பெப்லோ கோட்பாடாக முன்வைத்தார். அறிமுகம், செயல்பாடு, நிறைவு என்று அந்த உறவுக்குக் கட்டங்கள் உண்டு. நீங்கள் நிற்பது முதல் கட்டத்தில்.

முதல் சந்திப்பில் ஐந்து விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: உங்கள் பெயர், நீங்கள் மாணவி என்பது, எந்தத் தேதி வரை இருப்பீர்கள், தினமும் எத்தனை மணிக்கு வருவீர்கள், அவர் சொல்வது சிகிச்சைக் குழுவுக்குத் தெரியவரும் என்பது. ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் அவர் "யாரிடமும் சொல்லாதே" என்று ஆரம்பிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

பேசாதவரிடம், "பத்து நிமிஷம் இங்கே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பேசணும்னு இல்லை" என்று சொல்லுங்கள். நேர் எதிரே உட்காராமல் சற்றுச் சாய்வான கோணத்தில், கை எட்டாத தூரத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் ஆனதும் எழுந்து, "நாளைக்கு அதே நேரத்துக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள். அவர் கவனிப்பது இதைத்தான். இரண்டாம் நாள் அவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வேலை அதிகம் என்று வராமல் விட்டால், முதல் இரண்டு நாளில் கிடைத்ததும் போய்விடும்.

"ஏன் சாப்பிடலை?" போன்ற ஏன்-கேள்விகளைத் தவிருங்கள். அவை விசாரணை மாதிரி ஒலிக்கும். "சாப்பாட்டைப் பார்த்தால் என்ன தோணுது?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு.

கேள்வி (வார்டு தாதி): என் நோயாளி, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைத் திட்டுவதாகச் சொல்கிறார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். "அப்படியெல்லாம் இல்லை" என்று வாதாடினால், தன் நம்பிக்கையைக் காப்பாற்ற அவர் புதிது புதிதாகக் காரணம் தேடுவார். நம்பிக்கை இன்னும் இறுகும். ஆமாம் என்றால், "மிஸ்ஸியே சொன்னாங்க" என்று அதுவே நாளைக்குச் சாட்சியாகிவிடும்.

முதலில் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவருக்கோ பிறருக்கோ தீங்கு செய்யச் சொல்கிறதா? சொன்னபடி செய்துவிடத் தோன்றுகிறதா? ஆமாம் என்றால் அந்த ஷிப்ட் முடியும்வரை காத்திருக்காமல் உடனே பொறுப்புத் தாதிக்கும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். அதன் பிறகு, "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது, அது உங்களைப் பயமுறுத்துகிறது என்று புரிகிறது" என்று சொல்லுங்கள். இதில் பொய் இல்லை, அவமதிப்பும் இல்லை. பிறகு கையில் பிடித்துச் செய்யக்கூடிய ஒரு வேலைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்: துணி மடிப்பது, தண்ணீர் எடுத்து வருவது. சந்தேகம் மிகுந்த நோயாளியின் கண்ணெதிரே இரண்டு தாதியர் கிசுகிசுப்பதும் சிரிப்பதும் கூடாது. கேட்காமல் தொடவும் கூடாது.

அம்மன் தன்னிடம் பேசுகிறாள் என்று ஒருவர் சொன்ன உடனே அதை நோய் என்று எழுதிவிட வேண்டாம். தைப்பூசத்தில் காவடி எடுக்கும்போது அருள் வருவதும், பிறகு அவர் வழக்கம்போல வேலைக்குப் போவதும் நோயல்ல. சடங்குக்கு வெளியிலும் தொடர்கிறதா, தூக்கமும் வேலையும் கெட்டிருக்கிறதா, அவர் குடும்பத்தாரே இதை வழக்கத்துக்கு மாறானது என்கிறார்களா என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே பதிவு செய்யுங்கள்.

கேள்வி (புதிதாகப் பதிவு பெற்ற தாதி): தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தமிழில் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ?

பதில்: தூண்டாது. கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை என்பது இத்துறையில் நன்கு நிலைபெற்ற முடிவு. சிக்கல் நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டீங்களே?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது, எதிர்பார்க்கும் பதிலும் இருக்கிறது. "இல்லைம்மா" என்று சொல்லி அவர் முடித்துக்கொள்வார்.

படிப்படியாகக் கேளுங்கள். "இவ்வளவு கஷ்டத்தில் சிலருக்கு வாழவே பிடிக்காமல் போகும். உங்களுக்கு அப்படி இருக்கா?" பிறகு நேராக, "செத்துப் போகணும்னு தோணுதா?" ஆமாம் என்றால் முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாக, "இதுவரை உங்களைத் தடுத்து நிறுத்தியது எது?" இந்தக் கேள்வியை விடவே கூடாது. பாதுகாப்புத் திட்டத்தை அந்தப் பதிலின் மேல்தான் கட்ட முடியும்.

வழிமுறையும் பொருளும் தயாராக இருப்பவரைத் தனியே விட்டுவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள். அங்கிருந்தே ஆளைக் கூப்பிடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கு எக்காரணத்துக்கும் வேண்டாம். "உங்கள் உயிர் சம்பந்தப்பட்டதால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், சொல்லும்போது நானும் கூட இருப்பேன்" என்பதுதான் நேர்மையான பதில்.

போலிஸ் வழக்குக்குப் பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. இதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பலருக்குப் பேச்சு வரும்.

இன்னும் இரண்டு. நெடுநாள் சோர்ந்து கிடந்தவர் ஒரு காலையில் காரணமில்லாமல் அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று மகிழ்ந்து கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். 15 நிமிடக் கண்காணிப்பு என்றால் அதுதான் அதிகபட்ச இடைவெளி. கடிகாரம் மாதிரி சரியாக 2:00, 2:15, 2:30 என்று போனால், எப்போது யாரும் வரமாட்டார்கள் என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும். தூங்குகிறார் என்றால் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது 1767, 1771 ஆகிய உதவி எண்களை எழுதிக் கொடுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் ஆபத்து கூடுதல் என்பதைக் குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி (தமிழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் தாதி): ஒரு நோயாளி என்னைத் "தங்கச்சி" என்கிறார், ஊர்ப் பேச்சுப் பேசுகிறார். இப்போது வாட்ஸ்அப் எண் கேட்கிறார். மறுத்தால் மனம் உடைந்துவிடுமே?

பதில்: தங்கச்சி என்று அழைப்பதில் தவறில்லை, நீங்களும் அண்ணா என்று சொல்லலாம். எல்லை மீறல் வேறு இடத்தில் தொடங்கும். மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்காத நேரத்தை இவருக்குக் கொடுப்பது, ஓய்வு நாளில் இவரையே நினைப்பது, இவர் சொன்னதைக் குழுவிடம் மறைப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். எண்ணைக் கொடுக்க வேண்டாம். "எண் கொடுப்பது எங்கள் பணியில் இல்லை. நாளை மூன்று மணிக்கு வருவேன், அப்போது பேசுவோம்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மறுப்பைத் தனியாக விட்டால் நிராகரிப்பாகக் கேட்கும். அடுத்த சந்திப்பையும் சேர்த்துச் சொன்னால் எல்லையும் நிற்கும், உறவும் நிற்கும்.

கேள்வி: தீபாவளிக்கு நோயாளியின் தாயார் முறுக்கு டப்பா கொண்டுவந்தார். வாங்கலாமா?

பதில்: உங்கள் மருத்துவமனை விதி அனுமதித்தால், வார்டு முழுவதற்கும் என்று பொதுவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பணமோ தனிப்பட்ட பரிசோ எப்போதும் வேண்டாம்.

கேள்வி (பொது மருத்துவமனைத் தாதி): விடுதியில் தங்கியிருக்கும் தமிழ் ஊழியர் ஒருவர் குழப்பமாகப் பேசுகிறார். எனக்குத் தமிழ் தெரியாததால் கூட வந்த சக ஊழியரையே மொழிபெயர்க்கச் சொல்கிறேன். சரியா?

பதில்: அவசரத்துக்கு, பெயர், வலி, ஒவ்வாமை கேட்க மட்டும் சரி. மனநிலை மதிப்பீட்டுக்குச் சரியில்லை. அறைத்தோழர் முன்னால் அவர் கடனைப் பற்றியும் குடியைப் பற்றியும் சொல்லமாட்டார். வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கும். இன்னொன்று: நல்லெண்ணத்தோடு மொழிபெயர்ப்பவர், தொடர்பில்லாத பேச்சைத் தானே கோத்துச் சீராக்கிச் சொல்லிவிடுவார். அறிகுறி அங்கேயே காணாமல் போகும். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை அழைத்து, "புரியாததையும் புரியாதபடியே சொல்லுங்கள், 'அவர் சொல்கிறார்' என்று சேர்க்காமல் 'நான்' என்றே சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நோயாளியின் முகத்தை. நெஞ்சு அடைக்குது, தலை பாரம் என்று சொன்னால் உடலையும் சோதியுங்கள், மனத்தையும் கேளுங்கள். நம் மக்கள் துயரத்தை உடம்பின் வழியாகச் சொல்வது மிகச் சாதாரணம்.

கேள்வி: கோபத்தில் கத்துபவரை எப்படி அமைதிப்படுத்துவது?

பதில்: கத்துவதற்கு முன்பே தொடங்குங்கள். அங்குமிங்கும் நடப்பது, கை இறுகுவது, ஒரே இடத்தை வெறிப்பது தெரியும்போதே என்ன தேவை என்று கேளுங்கள். பசி, வலி, மலச்சிக்கல், சிகரெட் கிடைக்காத தவிப்பு என்று எளிய காரணங்கள் நிறைய. கத்தத் தொடங்கிவிட்டால் ஒருவர் மட்டும் பேசுங்கள். மூன்று பேர் சேர்ந்து சமாதானம் சொல்வது அவருக்குச் சுற்றி வளைப்பதாகத் தெரியும். இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நில்லுங்கள். வாசல் அவருக்கும் அடைபடக் கூடாது, உங்களுக்கும் அடைபடக் கூடாது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைப் பட்டையையும் ஸ்டெத்தஸ்கோப்பையும் முன்பே கழற்றிவிடுங்கள். சிறு வாக்கியங்கள், உண்மையான இரண்டு தெரிவுகள்: "அறையில் உட்காரலாமா, வெளியே நடக்கலாமா?" அவரை நோக்கி "அமைதியாக இருங்கள்" என்பது ஏறக்குறைய எப்போதும் தீயில் எண்ணெய்.

கேள்வி (தம்பியைப் பராமரிக்கும் அக்கா): தம்பியைக் கட்டாயமாகப் புவாங்கோக்கில் மனநலக் கழகத்தில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாள் வைக்கலாம்? எங்கள்மேல் கோபமாக இருக்கிறான்.

பதில்: சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் முதலில் 72 மணி நேரம் வரை, தொடர வேண்டுமானால் இன்னொரு மருத்துவர் பார்த்து ஒரு மாதம் வரை, அதற்கும் மேலானால் இரண்டு மருத்துவர்கள் பார்த்து ஆறு மாதம் வரை வைக்கலாம். இவை அந்தந்தக் கட்டத்தின் உச்ச வரம்புகள். தேவை தீர்ந்தால் முன்பே அனுப்புவார்கள். "சும்மா செக்அப்புக்கு" என்று பொய் சொல்லி அழைத்துப் போயிருந்தால் கோபத்துக்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். "உன் உயிருக்குப் பயந்து செய்தோம்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். தினமும் விளக்கம் கொடுக்க வேண்டாம், தினமும் போய்ப் பாருங்கள்.

கேள்வி (மகள்): அப்பா மாத்திரை வேண்டாம் என்கிறார். கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒருநாள் கசப்பு தெரியும். அன்றிலிருந்து சாப்பாட்டையும் மறுப்பார். விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தால் அதை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை அவை.

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். உட்கார முடியாத தவிப்பா, கை நடுக்கமா, பகல் தூக்கமா, எடை ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அல்லது சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அவர் எடுப்பது குளோசபின் என்ற மனநோய் மருந்து என்றால் இன்னும் கவனம்: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பும் வரலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து, கடைசியாக எப்போது எடுத்தார் என்று சொல்லி, எந்த அளவில் தொடங்குவது என்று கேளுங்கள்.