ஏரிக் கப்பல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் மகன் வீட்டில் இருந்தபோது ‘அல்பீனா’ என்ற சிமெண்ட் கப்பலைப் பார்த்தேன். 1942ல் நீரில் இறங்கிய கப்பல், இன்னும் ஓடுகிறது! நம் பக்கம் முப்பது வருடத்தில் உடைக்கக் கொண்டுபோய்விடுகிறார்களே? ஏரியில் பெரிய அலை இல்லாததாலா? அந்த நிம்மதியான வேலை பொறாமையாக இருந்தது.

சிவராமன்

அன்புள்ள சிவராமன்,

காரணம் நன்னீர். உப்பு இல்லாததால் இரும்பு மெல்ல அரிக்கிறது. 1906ல் இறங்கிய ‘செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்’ 2013 வரை சொந்த எஞ்சினில் ஓடியது. அவ்வளவுதான்.

அலை இல்லையா? 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரிப் புயலில் 729 அடி நீள ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ 29 பேரோடு மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரையில் நின்று காபி குடித்தபடி ‘நிம்மதி’ என்று எழுதாதீர்கள் ஐயா.

என் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறைக்காரர். அந்தக் காலத்தில் சரக்கு இறக்கத் துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்பார்கள். அம்மாவுக்குப் புடவை எடுப்பதும் எங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதும் அப்போதுதான். கன்டெய்னர் வந்தது, துறைமுகத்தில் நிற்கும் நேரம் சுருங்கியது, கடிதங்கள் நாலு வரியாயின. அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

ஏரிகளிலும் இதேதான் நடந்தது. முதலில் இரும்புத்தாதை மண்வெட்டியால் அள்ளி இறக்கினார்கள். 1899ல் ஹியூலெட் இயந்திரம் வந்தது; அதை ஓட்டுபவர் அள்ளுவாளிக்கு மேலேயே உட்கார்ந்து சரக்கறைக்குள் இறங்குவார். இப்போது அதுவும் வேண்டாம். சரக்கறையின் அடியில் கதவுகள் திறக்கும், தாது பெல்ட்டில் விழுந்து ஓடும், மேல்தளத்து நீண்ட கை அதைக் கரையில் கொட்டும். கரையில் ஒரு கிரேன்கூடத் தேவையில்லை. ஆயிரம் அடிக் கப்பலும் சில மணி நேரத்தில் காலி. எல்லோரும் இந்த பெல்ட்டை மெச்சுகிறார்கள். மிச்சமான நேரம் யாருடையது? மாலுமி கரையில் கால்வைத்த நேரம் அது. சலூனில் உட்கார்ந்த நேரம், பிள்ளைக்குச் செருப்பு வாங்கிய நேரம். குளிர்காலத்தில் சூ லாக் (சுப்பீரியர் ஏரியிலிருந்து கீழ் ஏரிகளுக்குக் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) மூடுவது ஜனவரி 15ல், திறப்பது மார்ச் 25ல். அதற்கு முன்னும் பின்னும் ஓட்டம்தான்.

டெட்ராய்ட் ஆற்றில் ஒரு தபால் படகு உண்டு. கப்பல் நிற்காது, படகு ஓரமாக ஒட்டி ஓடும், மேலிருந்து கயிற்றில் வாளி இறங்கும், கடிதங்கள் ஏறும். அதற்கென்றே 48222 என்று தனி அஞ்சல் குறியீடு. அடுத்தமுறை மகனை அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். போட்டோ அனுப்ப வேண்டாம். வாளியில் என்னவெல்லாம் ஏறியது என்று பார்த்து எழுதுங்கள்.