வெள்ளம் வந்தபின் யார் கையெழுத்து?

உள்ளாட்சி: கேள்வி பதில்

கே: மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில், அவசர அதிகாரம் நகராட்சித் தலைவருக்கா ஆணையருக்கா என்று பெரிய சண்டை. சட்டம் யார் பக்கம்?
- நகராட்சி உறுப்பினர் ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

ப: பேரிடர் என்றால் இருவர் பக்கமும் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி முடிவெடுப்பது மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். அதன் தலைவர் ஆட்சியர். எந்தத் துறையிடமும் எந்த உள்ளாட்சியிடமும் உள்ள வண்டி, படகு, ஆட்களை இறக்கச் சொல்வதும் போக்குவரத்தைத் தடுப்பதும் 34-ஆம் பிரிவில் வருகின்றன. தனியார் லாரியையோ கட்டடத்தையோ தற்காலிகமாக எடுத்துக்கொள்வது 65-ஆம் பிரிவு. நெருக்கடி முற்றினால் ஆட்சியர் ஆணையத்தைக் கூட்டாமல் தனியாகவே உத்தரவிடலாம். பிறகு ஆணையத்தின் பின்னேற்பு வாங்கினால் போதும் (பிரிவு 26). நகராட்சிக்கு 41-ஆம் பிரிவு முக்கியமாகத் தருவது கடமைகளையே: ஊழியருக்குப் பயிற்சி, கருவிகளைத் தயாராக வைப்பது, மாவட்டத் திட்டப்படி நிவாரணம் செய்வது.

அந்த ஆணையத்தில் உங்கள் ஊருக்கு இருக்கையும் கிடையாது. இணைத் தலைவர் பதவி மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவருக்குரியது. அவரைத் தேர்ந்தெடுப்பது கிராமப்புற உறுப்பினர்கள். நகராட்சித் தலைவரைச் சட்டம் பெயருக்குக்கூடச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிக்குரிய 18 பணிகளில் தீயணைப்பு உண்டு, பேரிடர் இல்லை. அந்தத் தீயணைப்பும் தமிழ்நாட்டில் மாநில அரசின் துறைதான்.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. சாலையும் ரயில் பாதையும் அறுந்துபோகும் அப்படி ஓர் இரவில், மாவட்டத் தலைநகரிலிருந்து உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே, இது சட்டம் அல்ல, எங்கள் கருத்து: நகராட்சியின் முடிவு முதல் 48 மணி நேரம் ஆணையர் கையில் இருப்பதே சரி. பம்பு ஓட்டுபவர், தூய்மைப் பணியாளர், பொறியாளர், காசோலை எல்லாம் அவர் கீழே. ஆனால் ஆணையர் மாற்றலில் வந்தவர். எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்பது வார்டு உறுப்பினருக்குத்தான் தெரியும். அந்த வரிசையைத் தலைவர் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குப் பின் செலவுக்குத் தலைவர் ஒப்புதல், ஏழு நாளுக்குள் அவசரக் கூட்டம். இதற்கு மேல் நீளும் அவசர அதிகாரம் பெரும்பாலும் டெண்டரைத் தவிர்க்கும் வழியாகிவிடுகிறது.

கே: தீர்மானப் புத்தகம் முழுக்க 'பொதுமக்களின் அவசர அவசியம் கருதி' என்றே இருக்கிறது. உண்மை அவசரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கடலூர்

ப: தேதியில் தொடங்குங்கள். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 16, இயற்கைச் சீற்றத்துக்கோ அரசு அறிவித்த அவசர நிலைக்கோ விலக்கு தருகிறது. பேரிடர் சட்டத்தின் 50-ஆம் பிரிவிலும் டெண்டர் இல்லாமல் வாங்கலாம், ஆனால் அதற்கு மாவட்ட ஆணையமோ அதற்கு மேலுள்ள ஆணையமோ அனுமதி தந்திருக்க வேண்டும். அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். வேலை ஆணையின் தேதி மழை நின்று மூன்று வாரம் கழித்து இருந்தால் அங்கே அவசரம் எதுவும் இல்லை.

50-ஆம் பிரிவில் ஒரு ஓட்டை உண்டு. பொறுப்பு அலுவலர் தரும் பயன்பாட்டுச் சான்றே செலவுச் சீட்டாக ஏற்கப்படும். அதனால் பின்னால் வரும் தணிக்கைக்குக் கையில் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பம்புக்கும் ஜேசிபிக்கும் லாக் புக், மணி மீட்டரின் தொடக்க, முடிவு அளவு, இடமும் நேரமும் பதிந்த படம், வார்டு உறுப்பினர் கையெழுத்து ஆகியவற்றை அன்றன்றே வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரே பேனாவில் எழுதிய லாக் புக்கை எத்தனை ஊரில் பார்க்கலாம்!

கணக்கும் உதவும். 10 ஹெச்.பி. டீசல் பம்பு முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கும். நாள் முழுக்க ஓடினாலும் 60 லிட்டரைத் தாண்டக் கூடாது. 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டர் குடிநீருக்கு 2.5 கிராம் போதும். வெள்ளக் காலத்தில் இரட்டிப்பாக்கினாலும் ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு அரைக் கிலோ. 25 கிலோ மூட்டை ஒன்று 50 நிரப்புக்கு வரும். வடிகால் ஓரம் தூவியது தனிக் கணக்கு, அதைத் தெருப் பெயருடன் கேளுங்கள். மூட்டையைப் பிரித்து ஈரக் காற்றில் வைத்தால் வீரியம் இறங்கிவிடும். மொத்தமாக வாங்கிக் குவிப்பதற்கு எதிராக அதுவே ஒரு காரணம்.

கே: மாநகராட்சிகளுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் வருகிறதாமே? மேயர்தானே தலைவர்?
- வாசகர், திருநெல்வேலி

ப: இல்லை. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மாநிலத் தலைநகருக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் மாநில அரசு நகர்ப்புற ஆணையம் அமைக்கலாம். தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் ஆட்சியர். மற்ற உறுப்பினரை மாநில அரசு முடிவு செய்யும். மேயருக்கு அந்த வழியில்தான் இடம் கிடைக்க வேண்டும். ஓட்டு வாங்கியவரை வெளியே நிறுத்தியது தவறு என்பதே எங்கள் கருத்து. ஜப்பானில் வெளியேற்ற உத்தரவு பிறப்பிப்பவர் ஊரின் மேயர். அவர் அலுவலகமே செயலிழந்தால்தான் மாகாண ஆளுநர் கை வைப்பார். நம்மூரில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவுமே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நகராட்சி, பேரூராட்சிகளுக்கு இந்த நகர்ப்புற ஆணைய ஏற்பாடு பொருந்தாது.

கே: நகராட்சித் தலைவர் 144 போட முடியுமா?
- வாசகர், ஓசூர்

ப: முடியாது. அது இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. ஆட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு மட்டுமே உரியது. இரண்டு மாதம் நிற்கும், மாநில அரசு மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம்.

கே: அடுத்த மழைக்கு முன் மன்றம் என்ன தீர்மானம் போடலாம்?
- பேரூராட்சி உறுப்பினர் ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்

ப: ஆகஸ்டிலேயே பம்பு, ஜேசிபி, படகு, ஜெனரேட்டருக்கு மணி வாடகை விகிதத்தை முறையான டெண்டரில் முடித்துவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பில் வண்டி வரும், அவசர அதிகாரமே தேவைப்படாது. ஒப்பந்தக்காரர் இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் மழையன்று அவர் வண்டி பக்கத்து ஊரில் நிற்கும்.

அடுத்து, செயல் அலுவலர் மன்ற அனுமதியின்றிச் செய்யும் அவசரச் செலவு எதுவானாலும் ஏழு நாளில் கணக்கோடு மன்றத்துக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். கலிபோர்னியாவில் அலுவலர் ஒருவர் உள்ளூர் அவசர நிலை அறிவித்தால் ஏழு நாளுக்குள் மன்றம் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அது காலாவதி. நம் பேரிடர் சட்டத்தில் அப்படிக் காலாவதி கிடையாது. உங்கள் தீர்மானத்தாலும் சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் தணிக்கையில் அந்தத் தீர்மானம் பேசும். நெடுஞ்சாலையை வெட்டித் தண்ணீர் வடிக்க வேண்டிய இடங்களையும் உங்களைப் பாதிக்கும் ஏரிக் கலிங்குகளையும் (உபரி நீர் வெளியேறும் வழிகள்) வரைபடத்தோடு இணைத்து ஆட்சியருக்கு அனுப்புங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது. அன்றிரவு நீங்களே வெட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.