விரால் மீன் பார்க்க எப்படி இருக்கும்? தூண்டில் போடுபவர்கள் அதை எங்கே தேட வேண்டும்?

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். இதை மனதில் வைத்துக்கொண்டால் அது எங்கே இருக்கும், எப்போது தலைகாட்டும் என்பது பாதி விளங்கிவிடும். செவுள் உண்டு, ஆனால் வளர்ந்த விராலுக்கு அது மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் காற்றை வாங்கி வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து வாயால் ஒரு மடக்கு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

அதனால்தான் மற்ற மீன்கள் திணறுகிற இடத்தில் இது சுகமாக வாழ்கிறது. ஏரி, கண்மாய், குளம், வயலோர வாய்க்கால் என ஓட்டம் குறைந்த, ஆழமில்லாத, சேறும் பாசியும் நிறைந்த நீர்தான் இதற்கு வீடு. கோரை, அல்லி, ஆகாயத்தாமரை மண்டிய ஓரங்களை முதலில் பாருங்கள். கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். மழை நாளில் ஈரத் தரையில் நெளிந்து பக்கத்துக் குட்டைக்குப் போவதும் உண்டு. பாகிஸ்தானிலிருந்து தென்சீனா வரை இது பரவியிருப்பதற்கு இந்த உடல்வாகு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது.

சரி, தோற்றம். உருண்டு நீண்ட உடல், தட்டையான தலை, தலைமேல் பெரிய செதில்கள். மேலிருந்து பார்த்தால் பாம்புத் தலைதான். வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும், உள்ளே கூரிய பற்கள். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வாலுக்குக் கிட்டே வரை ஒரே நீளமாக ஓடும், அதில் முள் கிடையாது. வால் வட்டமாக இருக்கும். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெளுப்பு, இரண்டு பக்கமும் சாய்ந்த கருவரிகள். சேற்று நீரில் செடி நிழலோடு நிழலாக நின்றுவிட்டால் கண்ணுக்கே தெரியாது. பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுகிற மீனுக்கு இதைவிடப் பொருத்தமான உடல் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது என்றாலும் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு அடிக்குள்தான்.

இதன் உறவுக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குறவை சிறியது. அவிரி அல்லது பூவிரால் என்பது பெரியது, வாலடியில் ஆரஞ்சு விளிம்போடு கரும்புள்ளி இருக்கும், ஆற்றிலும் அணையிலும் அதிகம்.

கெண்டையைப் போட்டு விராலை இழுப்பது என்ற பழமொழி தூண்டில்காரர்களுக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்தும். கெண்டைக் குஞ்சும் தவளையும் இதற்குப் பிடித்த இரை. இப்போது பலர் ரப்பர் தவளையை அல்லி இலைகள் மேல் இழுத்து வருகிறார்கள். செடியில் சிக்காமல் வரும், உயிருள்ள தவளையும் தப்பிக்கும். எனக்கு இதுதான் பிடித்த முறை. விடிகாலையும் வெயில் தாழ்ந்த நேரமும் நல்லது. அடித்ததும் உடனே சுண்டாமல் ஒரு நொடி விட்டு இழுங்கள், வாய்க்குள் நன்றாகப் போகட்டும்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். மழைக்காலத்தில் செடிகளை விலக்கி, வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் நீர்மேல் மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செக்கச்செவேலெனக் கூட்டமாக மேலே வந்து வந்து போகும், கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தூண்டிலைப் போட்டால் காவல் மீன் நிச்சயம் அடிக்கும், பசியால் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. அதைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடும். சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் தயவுசெய்து வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள். மீன் எந்தப் பக்கம் புரளுகிறது என்பதையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.