செடி எவ்வளவு டிரிப்டோபான் தயாரிக்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது?

டிரிப்டோபானேதான்! முதலில் பின்னணி: டிரிப்டோபான், டைரோசின், பினைல்அலனின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களுக்கும் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) தொடக்கம் ஷிகிமேட் பாதை என்ற வேதிவினைத் தொடர். செடிச் செல்லின் கணிகங்களுக்குள் (பசுங்கணிகம் போன்ற நுண்ணுறுப்புகள்) இரண்டு சிறு மூலக்கூறுகள் இணைந்து, 7 படிகளில் கோரிஸ்மேட் ஆகின்றன. விலங்குகளிடம் இந்தப் பாதையே கிடையாது. கிளைபோசேட் களைக்கொல்லி முடக்குவது இதன் 6-ஆவது படியைத்தான்.

சரி, கட்டுப்பாடு? கோரிஸ்மேட்டில் வழி பிரிகிறது: ஒரு கிளை டிரிப்டோபானுக்கு, அடுத்தது பினைல்அலனினுக்கும் டைரோசினுக்கும். டிரிப்டோபான் மிகுந்தால் ஆந்த்ரனிலேட் சிந்தேஸ் நொதியில் ஒட்டித் தன் கிளையைத் தானே அடைத்துவிடும். அதோடு விடாமல், அடுத்த கிளையிலுள்ள கோரிஸ்மேட் மியூட்டேஸ் நொதியை முடுக்கியும் விடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோரிஸ்மேட் மியூட்டேஸைத் தடுப்பவை பினைல்அலனினும் டைரோசினும்.

அப்புறம், பினைல்அலனின் எல்லாமே புரதத்துக்குப் போவதில்லை. மரங்களில் அதில் பெரும்பங்கு, கட்டைக்கு உறுதி தரும் லிக்னினாகிவிடுகிறது.