கடலில் போன சரக்கு யார் கணக்கில்? ரோமானியச் சட்டம்: கேள்வி பதில்

கேள்வி: கப்பலில் சரக்கு அனுப்ப ரோமானியர்களிடம் தனி ஒப்பந்தம் இருந்ததா?

இல்லை. வீட்டை வாடகைக்கு விடுவது, கூலிக்கு வேலை செய்வது, துணியை வெளுக்கப் போடுவது எல்லாமே ‘லொகாட்டியோ கொண்டக்டியோ’ என்ற ஒரே ஒப்பந்தம்தான். சரக்கு அனுப்புவதும் அதற்குள்தான். அதனால் என்ன பேசி முடித்தார்கள் என்பதே பெரிது. கப்பலில் ஏற்றிய அடிமை வழியில் இறந்தால் கூலி உண்டா? ஏற்றிய தலைக்குப் பேசினார்களா, கொண்டு சேர்த்த தலைக்கா என்று பாருங்கள் என்கிறார் ரோமானியச் சட்ட அறிஞர் பவுலுஸ். அது தெரியாவிட்டால், ஏற்றியதை நிரூபித்தாலே கூலி உண்டு. மனிதரைச் சரக்காக எண்ணிய இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கேள்வி: புயலில் என் மூட்டைகளை மட்டும் கடலில் எறிந்துவிட்டால்?

எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் பங்கிட்டு ஈடுகட்ட வேண்டும். ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கிய விதி இது. நீங்கள் கப்பல் தலைவன்மேல் வழக்குப் போடுவீர்கள். அவன் சரக்கு தப்பிய வணிகர்களிடம் வசூலிப்பான், பங்கு வரும்வரை அவர்கள் சரக்கைப் பிடித்தும் வைக்கலாம். கப்பல் உடையவனும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். மோதிரம், உடுதுணிகூடக் கணக்கில் வரும்; எல்லோரும் உண்ண ஏற்றிய உணவு வராது. சுதந்திர மனிதரின் உடலுக்கு விலை கிடையாது.

பங்கைக் கணக்கிட, எறிந்த சரக்குக்கு வாங்கிய விலை, தப்பியதற்கு விற்கக்கூடிய விலை. லாபம் போனதற்கு ஈடில்லை. கப்பலைக் காப்பாற்றப் பாய்மரத்தை வெட்டினால் பங்கு உண்டு. புயலே முறித்தால் இல்லை. மனிதர் தெரிந்து கொடுத்ததற்கும் கடல் பறித்ததற்கும் இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

கேள்வி: கப்பலில் திருட்டுப் போனால்?

‘பத்திரமாகச் சேர்ப்பேன்’ என்று ஏற்றவன், தன்மேல் தவறே இல்லாவிட்டாலும் பொறுப்பு. இல்லையென்றால் கப்பல்காரர் திருடரோடு கூட்டுச் சேர இடமாகிவிடும் என்கிறார் சட்ட அறிஞர் உல்பியானுஸ். கப்பல் உடைந்தாலோ கடற்கொள்ளையர் தாக்கினாலோ மட்டும் விலக்கு. அது சட்ட அறிஞர் லபேயோவின் கருத்து.

கேள்வி: பலருடைய தானியத்தை ஒன்றாகக் கொட்டி ஏற்றினால்?

சவுஃபேயுஸ் என்பவரின் கப்பலில் அப்படி நடந்தது. ஒருவருக்குப் பங்கை அளந்து கொடுத்தபின் கப்பல் மூழ்கியது. மற்றவர்கள் சவுஃபேயுஸ்மேல் வழக்குப் போட முடியாது, யாருக்காவது முதலில் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றார் சட்ட அறிஞர் அல்ஃபேனுஸ். பலகைத் தடுப்பிலோ கூடையிலோ தனித்தனியாக வைத்திருந்தால் அவரவர் தானியம் அவரவருடையது.

கேள்வி: முசிறிப் பாப்பிரஸ் இந்த வகை ஒப்பந்தமா?

முசிறி வணிகம் பற்றிப் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய அது கடன் பத்திரம். வியன்னாவில் இருக்கிறது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் எகிப்தின் கோப்டோஸ் நகர், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியா, அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரையில் கிடங்கு என்று சரக்கின் பாதை அதில் இருக்கிறது. அரசுக்கு வரி 25 சதவீதம். பின்பக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைக் கரைச் சடாமாஞ்சி, யானைத் தந்தம்.

கடல் வணிகத்துக்காக வாங்கும் கடற்கடனில் கப்பல் மூழ்கினால் கடனும் போயிற்று. அதனால் வட்டிக்கு வெகுகாலம் வரம்பில்லை. கி.பி. 528-இல்தான் பேரரசர் யுஸ்தினியன் 12 சதவீதம் என்று கட்டினார்.